கருத்த கத்தாளையும் கறிவேப்பிலையும்

மயிலாடுதுறையில் பஸ் ஏறுவதற்கு முன் ஒரு மேசைவிரிப்பு வாங்கினேன். வெளிர்பச்சைத் துணியில் கரும்பச்சை இலைக்கொத்துகள். ஓரத்தில் தொங்கிய சிறிய அட்டையில் 'கறிவேப்பிலை அச்சு' என்று போட்டிருந்தது. பணம் கொடுத்து, பையில் திணித்து, ஜன்னலோரம் இடம்பிடித்து, செம்பனார்கோயில் தாண்டிய பிறகுதான் அதை மடியில் விரித்துப் பார்த்தேன். அது வேப்பிலை.

ஓரமெல்லாம் ரம்பப் பல். ஒவ்வொரு சிற்றிலையும் அரிவாள் மாதிரி ஒரு பக்கமாக வளைந்திருந்தது. காம்பின் இரு பக்கமும் சோடி சோடியாக எதிரெதிரே நின்றது. கறிவேப்பிலையில் சிற்றிலைகள் மாறிமாறி வரும். ஓரம் கண்ணுக்கு மழமழவென்று தெரியும். நுனியில் ஒற்றையாக ஒன்று நிற்கும். இதற்குத் தாவரவியல் படிக்க வேண்டாம். தினமும் தாளிக்கிற எவர் கைக்கும் தெரியும். நான் முப்பது வருடம் தாவரவியல் பாடம் நடத்தியவன் என்பதால் சும்மா இருக்கவும் முடியவில்லை.

"விடுங்க மாமா. நெட்ல ஏதோ ஒரு இலையை எடுத்து ரிப்பீட் போட்டிருப்பாங்க" என்றாள் அக்கா மகள்.

"அதாம்மா கோவம்."

அவள் சென்னையில் துணி வடிவமைப்பில் கடைசி வருடம். அறிவியல் படங்களிலிருந்து அச்சுத்துணி வடிவமைக்க வேண்டும், அதுதான் இந்தப் பருவத்துக்கு அவளுக்குக் கொடுத்த வேலை. டேப்லெட்டில் சேர்த்து வைத்திருந்ததைக் காட்டினாள். நுண்ணோக்கியில் எடுத்த டயாட்டம், வெங்காயத்தோல் செல்கள், மூளை நரம்பு, வியாழன் கோளின் மேகச் சுழல். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாம் வேறு யாரோ பார்த்தவை. இதில் எதையாவது நீ கையால் தொட்டிருக்கிறாயா என்று கேட்டேன். வெங்காயம் என்றாள். சரியான பதில்தான். மூன்று நாள் லீவு போடு, தரங்கம்பாடி போகலாம் என்று கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாசி மாதம். சம்பா அறுத்த வயல்களில் தாள்களுக்கு நடுவே உளுந்து பூத்திருந்தது. பஸ்ஸில் பாதிப்பேர் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்குப் போகிற உறவுக்கூட்டம்; மாலைக்கூடையும் தேங்காய்ப் பையும் காலுக்கடியில் உருண்டன. என் மடியில் கிடந்த துணியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து சீட் பாட்டி கேட்டார்: "மாரியம்மன் கோயிலுக்கா தம்பி?"

தரங்கம்பாடியின் நகர வாயிலில் 1792 என்று ஆண்டு நிற்கிறது. அதைத் தாண்டி ராஜா தெருவில் நடந்தால் சீயோன் கோயில், புது எருசலேம் கோயில், கடைசியில் கோட்டை, அப்புறம் கடல். கோட்டைக் கதவு பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதை நான் மறந்துவிட்டேன். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் கஷ்டமாக இருந்தது.

கோட்டை நிழலில் உட்கார்ந்து, உள்ளே காட்ட நினைத்ததை வாயால் சொன்னேன். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் இங்கே வந்தது மிளகுக்கும் துணிக்கும். 1845-இல் இந்த ஊரையும் வங்காளத்து செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். நடுவில் 1706-இல் மிஷனரி சீகன்பால்கு வந்தார். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினார்கள். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு இங்கே அச்சேறி முடிந்தது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், பள்ளிப் புத்தகத்திலேயே வருகிறது. தெரியாதது அதற்கு அடுத்த தலைமுறை.

1768-இல் யோகான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவர் இந்த மிஷனுக்கு வந்து சேர்ந்தார். தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர். அதற்கு முன் ஐஸ்லாந்தில் செடி தேடியவர். பனிப்பாறையிலிருந்து நேரே காவிரி மணலுக்கு. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் செடி. பறித்து, உலர்த்தி, விவரம் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் வைத்த பெயர் பெர்கெரா கோனிகி. பிறகு முர்ரயா கோனிகி என்று மாறியது, இப்போது பலர் பழைய பெயருக்கே திரும்பியிருக்கிறார்கள். முன்பாதி எப்படிப் போனாலும் பின்பாதியில் தரங்கம்பாடி டாக்டர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். நம் வீட்டு ரசத்தில் மிதப்பது அவர் பெயர்.

"அதுக்குத்தான் அந்தத் துணி மேல இவ்வளவு கோவமா?"

"பின்னே? அந்த ஆள் ஐஸ்லாந்துல இருந்து வந்து சரியாப் பார்த்தாரு. மாயவரத்துக் கடையில வேப்பிலையை வச்சு விக்கிறாங்க."

வெயில் தாழ்ந்ததும் கடற்கரையோரம் வடக்கே நடந்தோம். நான் தேடியது ஒரு செடி. கால்மணி நேரத்தில் கிடைத்தது. தரையோடு படர்ந்து, ஊசி இலையும் கடுகளவு வெள்ளைப் பூவுமாக, மிதித்துவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. சித்த மருத்துவர்களுக்கு இது இம்பூறல், சாயக்காரர்களுக்குச் சாயவேர். வேரை மெல்ல உருவி நகத்தால் கீறினேன். மஞ்சள்தான் தெரிந்தது. மருமகள் ஏமாந்தாள். கொஞ்சம் தள்ளி மீன்கூடைக்குப் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்ச் சுண்ணாம்பு கேட்டேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு டப்பாவை நீட்டினார். ஒரு பொட்டு எடுத்துக் கீறிய இடத்தில் தேய்த்ததும் மஞ்சள் சிவந்தது.

"அட, இதுக்குள்ள இவ்ளோ செவப்பா!" என்றார் அந்த அம்மா. அவருக்கும் அது புதிது.

இந்தச் சிவப்பைத்தான் சோழமண்டலக் கரை உலகத்துக்கு விற்றது. பாட்டிமார் சீட்டிப் பாவாடை, சீட்டித்துணி என்று சொல்வார்களே, அந்தச் சீட்டி. சாயத்தைத் தொட்டு எழுதியதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதலில் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு துணியில் ஏறும்; பாலின் கொழுப்பு எழுதும் கோடு கசியாமல் காக்கும். இரும்புத்துண்டும் வெல்லமும் ஊறவைத்த புளித்த நீரில் கோடு போட்டால், கடுக்காய்த் துவர்ப்போடு சேர்ந்து அந்த நொடியே கறுக்கும். சிவப்பு வரவேண்டிய இடத்தில் எழுதுவது படிகார நீர். அதில் நிறம் இல்லை. எழுதியவருக்கு மட்டும்தான் எங்கே எழுதினோம் என்று தெரியும். பிறகு முழுத் துணியையும் சாயவேர் போட்டுக் கொதிக்கவிட்டால் படிகாரம் தொட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடித்து நிற்கும், மற்ற இடமெல்லாம் ஆற்றுத் தண்ணீரில் அலசி வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். பழைய ஸ்டூடியோ இருட்டறையில் போட்டோ மெல்ல எழும்பி வருமே, அந்த மாதிரி.

இந்த ரகசியம் ஐரோப்பாவுக்கு வேண்டியிருந்தது. பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை சீட்டித்துணியைத் தடைசெய்து வைத்திருந்தது. உள்ளூர் நெசவு படுத்துவிடும் என்ற பயம். தடை இருந்த அதே காலத்தில், 1734 வாக்கில், பாரிஸ் வேதியியலாளர் துஃபே கேட்டுக்கொண்டதன்பேரில் பொலியூ என்ற கப்பல் அதிகாரி புதுச்சேரியில் ஒரு சாயக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து முழுச் செய்முறையையும் எழுதினார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்தார். அந்தத் துண்டுகள் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. 1742-இல் கேர்தூ என்ற யேசு சபைப் பாதிரியார், மதம் மாறியிருந்த சாயக்காரர்களிடமே விசாரித்து இன்னொரு நீண்ட கடிதம் எழுதினார். பிறகு கோனிக்கின் நண்பர் வில்லியம் ராக்ஸ்பரோ. 1795-இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய சோழமண்டலக் கரைத் தாவரங்கள் என்ற பெருநூலில் 300 வண்ணப் படங்கள். முதல் தொகுதியிலேயே சாயவேர் வருகிறது, சாயம் போடும் முறையோடு. படங்களை வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். அச்சில் ராக்ஸ்பரோ பெயர்தான் பெரிதாக இருக்கிறது.

அதே நூலில் ராக்ஸ்பரோ ஒரு மரத்துக்கு ரொட்லெரா டிங்க்டோரியா என்று பெயர் வைத்தார். காயின் மேல் படிந்திருக்கும் சிவப்புப் பொடியால் பட்டுக்கு ஆரஞ்சு நிறம் ஏற்றுவார்கள். கபிலப்பொடி என்று நாட்டுமருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். பெயரில் இருப்பவர் 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் ரொட்லர், பிற்காலத்தில் தமிழ் அகராதி போட்ட அதே ரொட்லர். டிங்க்டோரியா என்றால் சாயத்துக்கானது.

அதனால்தான் அறிவியல் படத்தைத் துணிக்குக் கொண்டுபோவதைப் புதுமை என்று யாராவது சொன்னால் எனக்கு ஒட்டமாட்டேன் என்கிறது. இந்தக் கரையில் போக்கு தலைகீழாக இருந்தது. துணிக்காரர் கையில் இருந்த வேதியியலைத்தான் விஞ்ஞானிகள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். 1868-இல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மானும் அலிசரின் என்ற அந்தச் சிவப்பை ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டார்கள். சாயவேருக்கு அதோடு சந்தை போயிற்று. அது களையாகிக் கடற்கரையில் கிடக்கிறது.

சுண்ணாம்பு கொடுத்த அம்மாவின் கூடையில் பன்னாவும் கத்தாளையும் இருந்தன. வாங்கிய கடனுக்கு மீன் வாங்குவதுதான் மரியாதை. "கருத்த கத்தாளை இருக்கா?" என்று கேட்டேன். புரட்டி ஒன்றை எடுத்துப்போட்டார். நான் மருமகளிடம் திரும்பி, இந்த மீனின் அறிவியல் பெயர் என்ன தெரியுமா என்றேன். ஜானியஸ் கருத்தா.

அவள் நம்பவில்லை. போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள்.

கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் 1771-இல் தரங்கம்பாடிக்கு வந்து 1813-இல் சாகும்வரை இங்கேயே இருந்த மிஷனரி. பள்ளிக்கூடம் நடத்தினார், சிப்பி சேர்த்தார், மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மார்கஸ் எலீசர் பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பினார். பிளாக் 1782 முதல் 1795 வரை வெளியிட்ட மீன் நூல் 12 தொகுதி, 432 படங்கள், எல்லாம் கையால் வண்ணம் தீட்டியவை. சில படங்களில் செதில் மின்னுவதற்கு வெள்ளியும் பொன்னும்கூடத் தடவியிருக்கிறார்கள். அனுப்பியவர் நினைவாக இந்த மீன் கூட்டத்துக்கு ஜானியஸ் என்று பெயர் வைத்தார். பின்பாதிக்கு ஜான் எழுதி அனுப்பிய உள்ளூர்ப் பெயரையே எடுத்துக்கொண்டார். கரையில் யாரோ ஒரு மீனவர் 'இது கருத்த கத்தாளைங்க' என்று சொல்லியிருப்பார். அவர் பெயர் போயிற்று, சொன்ன சொல் லத்தீனில் நிற்கிறது.

"தலையைத் தட்டிப் பாரு பாப்பா, கல்லு இருக்கும்" என்றார் மீன்கார அம்மா. அவரே கத்தியின் பின்புறத்தால் மண்டையைத் தட்டிப் பிளந்து இரண்டு வெள்ளைக் கற்களை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். மீனின் காதுக்கல். எலும்பு மீன்கள் எல்லாவற்றுக்கும் உண்டு. கத்தாளை இனத்துக்கு உடம்புக்குப் பொருத்தமில்லாத அளவு பெரிது. மரத்தில் வருட வளையம் போல இதிலும் வளையம் விழும். நாளுக்கு ஒரு வளையம்கூட விழுகிறது என்பதை 1971-இல் பனெல்லா என்பவர் கண்டு எழுதினார். மருமகள் ஈரம் காயாத அந்தக் கற்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வியாழனின் மேகச் சுழலை அதற்குப் பிறகு அவள் திறக்கவில்லை.

இன்னொன்றும் கரையிலேயே கிடைத்தது. படகோரம் கிடந்த கயிற்றை எடுத்து முனையைப் பிரித்துக் காட்டினேன். மூன்று புரி. ஒவ்வொரு புரியும் ஒரு பக்கம் முறுக்கியிருக்கும், மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கியிருக்கும். அந்த எதிர்முறுக்குதான் கயிறு பிரியாமல் பிடிக்கிறது. நம் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருக்கிற கொலாஜன் புரதமும் இதே கட்டுமானம்தான்: இடப்பக்கம் சுழன்ற மூன்று இழைகள், வலப்பக்கமாக ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு. அதை 1954-55-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டார்கள். எக்ஸ்-கதிர்ப் படத்தில் அவர்களுக்குக் கிடைத்தது சில புள்ளிகளும் வளைவுகளும் மட்டும். அதிலிருந்து கயிற்றை எடுத்தது மூளை.

பொறையாரில் தங்கினோம். மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு விடுதிக் கருங்கல் படியில் தண்ணீர் தெளித்து ஒரு காதுக்கல்லை அரைமணி நேரம் மாறிமாறித் தேய்த்தோம். விரல்தான் தேய்ந்தது என்று நினைத்தபோது, என் பழைய கைலென்ஸில் மங்கலாக வளையங்கள் தெரிந்தன. நாள் வளையம் தெரிய நுண்ணோக்கி வேண்டும். பட்டை பட்டையாகத் தெரிந்ததே எங்களுக்குப் போதும். அவள் டேப்லெட்டை மூடிவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.

வரைந்துகொண்டே சொன்னாள், இப்படி ஒன்று இங்கிலாந்தில் நடந்திருக்கிறது என்று. அது அவள் பாடத்தில் வருகிறது. ஹெலன் மெகா என்ற படிகவியலாளர், தாம் தினமும் பார்க்கிற படிக வரைபடங்களைத் துணியாகவும் சுவர்த்தாளாகவும் செய்யலாம் என்று 1946-லேயே சொன்னார். 1951-இல் லண்டனில் நடந்த பிரிட்டன் விழாவுக்கு அது கைகூடியது. இன்சுலின், ஹீமோகுளோபின், மைக்கா எல்லாம் திரைச்சீலையும் கம்பளமும் சுவர்த்தாளும் ஆயின. விழா உணவகத்தில் அவற்றுக்கு நடுவே உட்கார்ந்து ஜனங்கள் சாப்பிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், டோரத்தி ஹாட்ஜ்கின் இன்சுலினின் முழு அமைப்பைக் கண்டுபிடித்தது 1969-இல். அதற்குப் பதினெட்டு வருடம் முன்பே அது சுவரில் ஒட்டியாகிவிட்டது, நிலப்படத்துச் சமவுயரக் கோடுகள் மாதிரியான ஒரு வரைபடமாக.

அவர்களுக்கு அது எளிதாக வந்ததற்கு ஒரு காரணம் உண்டு என்று நான் நினைக்கிறேன். படிகம் என்பதே ஒரே அணுக்கூட்டம் திரும்பத் திரும்ப அடுக்கியிருப்பது. அச்சுத்துணியும் அதுவேதான். ஒரு தளத்தில் வடிவத்தை இடைவெளியில்லாமல் திருப்பித் திருப்பிப் பரப்ப 17 வழிகள்தான் உண்டு என்று 1891-இல் ஃபியோதரவ் என்ற ரஷ்யப் படிகவியலாளர் நிறுவினார். துணிக்கும் படிகத்துக்கும் இலக்கணம் ஒன்று. நம் கோலத்துக்கும் அப்படி ஓர் இலக்கணம் எழுதியிருக்கிறார்கள். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் சேர்ந்தவர்களும் 1970-களில் கோலத்தைக் கணினி மொழி விதிகளாகப் பிரித்துக் காட்டினார்கள்.

செடிப்படம் அப்படி அடங்காது. வெள்ளைத் தாளின் நடுவில் ஒரே ஒரு செடி, வேரோடு, பூவோடு, பக்கத்தில் பிளந்து வைத்த காயோடு. அதை வெட்டி ஒட்டி வரிசையாக அடுக்கினால் செடி போய்விடும். சீட்டி எழுதியவர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: ஒரே கொடியில் பத்து விதப் பூ. அழகுதான், செடியாக அது பொய். வியாபாரத்துக்குப் பரவாயில்லை. அறிவியல் படம் என்று அட்டை கட்டிவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. நிறத்தை மாற்று, அளவை மாற்று, யார் கேட்பது? மாறிமாறி வருகிற இலையை எதிரெதிரே நிறுத்தினால் மட்டும் செடியே மாறிவிடுகிறது. எது போனால் அது அதுவாக இருக்காதோ அதைத் தொடாதே என்றேன். அவள் "ம்" என்றாள். வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கோட்டை திறந்திருந்தது. ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டோம். மேல்தளத்திலிருந்து தெரிகிற கடல், உள்ளே இருக்கிற எதையும்விட நன்றாக இருந்தது.

அங்கிருந்து கும்பகோணம் பக்கம் போனோம். வழியில் அவளுக்கு இரண்டாம் சரபோஜியைப் பற்றிச் சொன்னேன். 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்டவர். தரங்கம்பாடியில் 1750-இல் வந்திறங்கிய ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் கவனிப்பில் வளர்ந்தவர். பறவை, விலங்கு, செடி என்று தஞ்சை ஓவியர்களை வைத்துப் படம் எழுதவைத்தார். அப்படி எழுதிய ஒரு தொகுப்பு பெஞ்சமின் டோரின் என்ற ஆங்கிலேய அதிகாரி வழியாகப் போய் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கண்நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்போடு நோயுற்ற கண்ணையும் வரையவைத்தார். அவை சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. அதே அரண்மனைக்குக் கொள்ளிடக் கரையில் உள்ள கோடாலிக்கருப்பூரிலிருந்து புடவையும் தலைப்பாகைத் துணியும் போயின. தறியிலேயே சரிகைப் புட்டா கோத்து நெய்து, சரிகை தெரியவேண்டிய இடத்தை மெழுகால் மறைத்து, மேலே சாயவேர்ச் சிவப்பு ஏற்றிய துணி. 1855-இல் கடைசி மராட்டிய அரசர் சிவாஜி இறந்தார். அந்தத் துணியும் அதன் பிறகு மெல்ல மறைந்தது. அரசருக்குக் கண்ணைப் பார்த்து எழுதிய கை ஒன்று, துணியில் பூ எழுதிய கை ஒன்று. இரண்டும் சேர்ந்த துணியை நான் எங்கும் பார்த்ததில்லை.

"சேர்த்துடலாம் மாமா" என்றாள், என்னமோ பஸ்ஸில் பக்கத்து சீட்டில் சேர்த்து உட்காரவைக்கிற மாதிரி.

சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்னும் கலம்காரி எழுதுகிறார்கள். கோயில் துணிகள்தான் அதிகம். தேரிலும் மண்டபத்திலும் உருளையாகத் தொங்குகிற தொம்பை, வாசலுக்கு வாசமாலை, சாமிக்கு மேலே கட்டுகிற அஸ்மானகிரி. கருப்பூர்க் கலம்காரி ஓவியம் என்ற பெயரில் இப்போது புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. பெரியவர் ஒருவர் தரையில் விரித்த துணியில், நுனியில் துணி சுற்றிய குச்சியால் யாளிக்குப் பல் வைத்துக்கொண்டிருந்தார். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, டேப்லெட்டில் வெங்காயத்தோலையும், நோட்டில் காதுக்கல்லையும், நான் சொல்லக் கேட்டு வரைந்த முப்புரிக் கயிற்றையும் காட்டினாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் பார்த்தார். அழகாயிருக்கு என்றோ புரியவில்லை என்றோ சொல்லவில்லை.

"இது எங்க தொங்கும்?" என்று கேட்டார்.

அவளிடம் பதில் இல்லை. இரண்டரை வருடப் படிப்பில் இந்தக் கேள்வியை யாரும் தன்னைக் கேட்டதில்லை என்று பிறகு சொன்னாள். திரையில் எல்லாப் படமும் ஒரே கட்டத்துக்குள் நிற்கிறது. துணி அப்படி நிற்பதில்லை.

"தொம்பைன்னா சுத்தி வந்து தலையும் வாலும் முட்டணும் பாப்பா. கயிறு அதுக்கு ஆகும். அஸ்மானகிரிய கீழ நின்னு அண்ணாந்து பாக்கணும். நடு வேணும் அதுக்கு. உன் மீன்கல்லுக்கு நடு இருக்கு." வெங்காயத்தோலைப் பார்த்து மட்டும் கொஞ்சம் யோசித்தார். "இது ஓரத்துக்குக் கட்டம் போடலாம்."

ஆறே வாக்கியம். நான் இரவெல்லாம் நடத்திய பாடத்துக்கு மேல் அது போய்விட்டது. எனக்குச் சற்றுப் பொறாமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பங்குனிக் கடைசியில் அவள் முடித்த துணி வந்தது. சாயவேர் கிடைக்காமல் கடையில் வாங்கிய அலிசரினும் படிகாரமும் வைத்துத்தான் செய்திருந்தாள். கூடத்து விதானத்தில் கட்டுகிற அளவு. நடுவில் காதுக்கல், அதைச் சுற்றிப் பரவுகிற வளையங்கள், அகலமும் குறுகலுமாக அவள் படியில் உட்கார்ந்து எண்ணியபடியே. ஓரத்தில் வெங்காயத்தோல் கட்டம். நான்கு மூலையிலும் கறிவேப்பிலைக் கொத்து. அக்கா நாற்காலி போட்டு ஏறி, மூக்குக் கண்ணாடியோடு இலைகளை எண்ணினாள். பதினேழு, மாறிமாறி, நுனியில் ஒற்றை. "சரியாத்தான் இருக்கு" என்று இறங்கினாள்.

நான் மயிலாடுதுறையில் வாங்கிய மேசைவிரிப்பை அக்கா சாப்பாட்டு மேசையில் போடச் சம்மதிக்கவில்லை. பூஜை அலமாரியில் சமயபுரத்தம்மன் படத்துக்குக் கீழே விரித்துவிட்டாள்.